அஞ்சரை பஸ்ல வாரேன்

இறந்துபோன என் சிநேகிதியிடமிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் எனக்கு ஒரு மெயில் வரும். உள்ளே ஒரே வரிதான்: "எல்லாம் சரி."

அனுப்பியது ஒரு மெஷின். அவள் எழுதி வைத்துவிட்டுப் போன சோதனை நிரல் தினமும் காலையில் தானாகத் தொடங்கி, சாயங்காலம் முடிந்ததும் அவள் பெயரில் எங்கள் குழுவுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் போய் நாலு நாள் கழித்து நான் லேப்டாப்பைத் திறந்தபோது அப்படி நாலு மெயில் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவதும் வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த மெயிலெல்லாம் என் கண்ணில் படாமல் வேறு ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டு, மற்ற வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். அன்றைக்கே அந்த நிரலைத் திறந்து கடைசி வரைக்கும் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் இரண்டு பேரும் பெங்களூரைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். எனக்குக் கோவில்பட்டி. அவளுக்குக் கயத்தாறு போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கரிசல் கிராமம். அங்கே நெட் வராது, வந்தாலும் நிற்காது. அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு மேசை, ஒரு இன்வெர்ட்டர், ஒரு ஃபேன். காலை பஸ்ஸில் வருவாள், சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் போவாள்.

கடைக்காரர் ஒருநாள் மாடி ஏறி வந்து, "ரெண்டு பேரும் பகல் பூரா என்னதான் செய்யுதீங்க?" என்று கேட்டார். "இல்லாத கம்ப்யூட்டருக்கு இல்லாத ப்ராசஸரை மாட்டிக் கழட்டுதோம் அண்ணாச்சி" என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். கேலி செய்கிறாள் என்று நினைத்திருப்பார். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். அதற்குள் பல பொய்க் கம்ப்யூட்டர்கள் ஓடும். விர்ச்சுவல் மெஷின் என்பது அதுதான். ஒவ்வொன்றும் தன்னை நிஜம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். வேலை கூடினால் அதை அணைக்காமலே இன்னும் இரண்டு ப்ராசஸரைக் கொடுக்கலாம். வேலை குறைந்தால் ஓடும்போதே பிடுங்கிக்கொள்ளலாம். கொடுக்கும்போதும் பிடுங்கும்போதும் உள்ளே ஒரு குழப்பமும் வராமல் பார்த்துக்கொள்வது கெர்னல் என்கிற அடி நிரல். அந்தக் கெர்னலில் இந்த ஒரு பகுதிதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது.

வருவது சுலபம். மெஷின் முழித்துக்கொள்ளும்போதே கெர்னல் ஒரு பட்டியல் போட்டுவிடும், இன்னும் வராமல் இருப்பவர்களுக்கும் சேர்த்து. இத்தனை பேர் வரக்கூடும் என்று ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு இடம். வந்தவர் அந்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். போன பிறகும் அந்த எண்ணை யாரும் அடிப்பதில்லை. மெஷினை அணைக்கிற வரைக்கும் அந்த இடம் அப்படியே காலியாக இருக்கும்.

கஷ்டம் போவதில் இருக்கிறது. ஒரு ப்ராசஸர் போகப் போகிறது என்றால் அது வந்தபோது ஏறின படிகள் அத்தனையிலும் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். அதன் கையில் இருக்கிற வேலையை மற்றவை வாங்கிக்கொள்ளும். வைத்திருந்த அலாரங்களை வேறொன்று எடுத்துக்கொள்ளும். இவரிடம் மட்டும்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கிற வேலைகளைக்கூட வலுக்கட்டாயமாகப் பிரித்து வேறிடத்தில் விடுவார்கள். எல்லாம் முடிந்து, வெளிச்சத்தம் எதுவும் காதில் விழாதபடி கதவைச் சாத்திக்கொண்டு, கடைசியாக அது ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். தான் செத்துவிட்டதைத் தானே சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது. வெளியே இன்னொரு ப்ராசஸர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கும். சில வினாடிகள் பார்க்கும். வரவில்லை என்றால் திரையில் எழுதிவிட்டுத் தன் வழியே போய்விடும்: மூன்றாம் ப்ராசஸர் சாகவில்லை.

இந்த வரியை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே சொற்கள்தான். யாரோ ஒரு எஞ்சினியர் நிதானமாக உட்கார்ந்து எழுதியது.

இந்த வரியை வைத்துத்தான் எனக்கும் அவளுக்கும் கடைசிச் சண்டை. பொய்க் கம்ப்யூட்டரின் ப்ராசஸரும் பொய்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மெஷின் நேரம் ஒதுக்கினால்தான் அதனால் அசையவே முடியும். கடைசிச் சொல்லைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் பெரிய மெஷின் அதை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டால், அதனால் சொல்ல முடியாது. உள்ளே காத்திருப்பவருக்கு இது தெரியாது. பெரிய மெஷின் திருடிக்கொண்ட அந்த நேரத்தைக் காத்திருக்கும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவள் கட்சி. அப்படி ஒரு திருத்தம் எழுதி என் பார்வைக்கு அனுப்பினாள். நான் அதை நிராகரித்தேன். "தேவையில்லாத கரிசனம்" என்று எழுதியே அனுப்பினேன். எதிர் மேசையில் இருந்தவளிடம் வாயால் சொல்லியிருக்கலாம். என் புத்தி அப்படி.

"ஏட்டி, செத்துட்டேன்னு சொல்லதுக்குக் கூட அதுக்கு நேரம் கொடுக்க மாட்டியா?" என்றாள்.

"சொல்லாட்டி என்ன இப்போ? தூக்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று வரவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயம், ஊரெல்லாம் காய்ச்சல். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டாள். முப்பத்திரண்டு வயது.

அவளுக்கு அம்மா கிடையாது. அப்பா மட்டும்தான். உளுந்தும் பருத்தியும் போடுகிறவர், பட்டியில் கொஞ்சம் ஆடு. தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக விலக்குக்கு வருவார். எங்கள் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து கிராமத்துப் பாதை பிரிகிற இடத்தை விலக்கு என்போம். பஸ் அங்கே இறக்கிவிட்டுப் போய்விடும், அதற்கு மேல் அவரவர் பாடு. அவரிடம் ஒரு பழைய மொபெட். மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது என்று மட்கார்டையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். மண்ணைச் சுரண்ட ஒரு குச்சி ஹேண்டிலில் எப்போதும் தொங்கும். "தனியா வந்தா பறப்பாரு. நான் பின்னாடி ஏறிட்டேன்னா மாட்டுவண்டிதான், ஒவ்வொரு குழிக்கும் பிரேக்கு" என்று அவள் சலித்துக்கொள்வாள். சலிப்பு பொய், பெருமைதான்.

நான் மெயிலை ஒதுக்கி வைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். தை பிறந்திருந்தது. அவள் கணக்கை மூடச் சொல்லி, அவள் பெயரில் ஓடும் சோதனை மெஷினைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, கம்பெனியிலிருந்து மூன்று முறை எழுதிவிட்டார்கள். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்போது ஒருநாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும், போன் அடித்தது. அவள் அப்பா.

"தாயி, நாந்தான் அப்பா பேசுதேன். இன்னைக்கு வேலை முடியலையோ?"

"என்ன வேலைப்பா?"

அவருக்குப் பின்னால் ஆடுகள் கத்துவது மட்டும் கேட்டது. "இல்ல... இன்னைக்கு மெசேஜ் வரல. விலக்குக்குப் போகணுமா வேண்டாமான்னு தெரியல. அதான் கேட்டேன்."

விசாரித்துச் சொல்கிறேன் என்று எதையோ உளறிப் போனை வைத்துவிட்டு, அந்த ஃபோல்டரைத் திறந்தேன். இரண்டு மாதத்து "எல்லாம் சரி" வரிசையாக நின்றது. அன்றைய தேதிக்கு மட்டும் வேறு: மூன்றாம் ப்ராசஸர் சாகவில்லை, சோதனை தோல்வி. பெரிய மெஷினில் அன்றைக்கு யாரோ கூடுதல் சுமையை ஏற்றியிருந்தார்கள். பிறகு அவள் நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். ஆயிரம் தடவை ப்ராசஸரை மாட்டு, ஆயிரம் தடவை கழற்று, ஒன்று தவறினாலும் அதைக் குழுவுக்குச் சொல், ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் "எல்லாம் சரி" என்று மெயில் அனுப்பு. அதற்குக் கீழே, யாரும் படிக்காத கடைசி வரியில், அவள் அப்பாவின் போன் நம்பர். அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ்: "முடிஞ்சிட்டு. அஞ்சரை பஸ்ல வாரேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலையில் இறங்கிவிட்டால் அவளுக்கு உலகம் மறந்துபோகும். அவர் வெயிலில் விலக்கில் வந்து காத்துக் கிடந்துவிட்டு, கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று திட்டியிருப்பார். இவள் சோம்பேறி. சோதனை முடிந்தால் தானாகப் போகட்டும் என்று அதோடு கட்டிவிட்டாள். சோதனை தோற்றால் அவளால் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க முடியாது, அப்போது தானே போன் செய்வாள். எப்படியும் கணக்கு தப்பாது.

அவள் இறந்த நாளிலும் அது ஓடியிருக்கிறது. தேதியைப் பார்த்தேன். அன்றைக்கும் எல்லாம் சரி.

மறுநாள் ஐந்தரை பஸ் ஏறி விலக்கில் இறங்கினேன். போகும் வழியெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியதைப் பாடம் செய்துகொண்டே போனேன். அது மெஷின்ப்பா, அவ இல்லப்பா, நிறுத்திடுதேன்ப்பா. அவர் புளியமரத்துக்குக் கீழே மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறும் முன்பே என் போனில் பார்த்திருந்தேன், அன்றைக்குச் சோதனை ஜெயித்துவிட்டது. மெசேஜ் வந்திருக்கும், வந்திருக்கிறார். இறங்கின என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

நான் பாடம் செய்ததில் பாதி சொல்லும்போதே கையமர்த்தினார்.

"மெசினு அனுப்புதுன்னு எனக்குத் தெரியாதா தாயி? கொள்ளி வச்சவன் நான்லா."

"அப்போ எதுக்குப்பா தினமும் வந்து நிக்கீங்க?"

மொபெட்டின் சீட்டைத் துண்டால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. "அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல அவ பக்கத்துல உக்காந்து வாரேன். இந்தா, இங்கனதான், விலக்குல வண்டி திரும்புது. அப்போ மெசேஜ் வருது. முடிஞ்சிட்டு, அஞ்சரை பஸ்ல வாரேன்னு. நான் அவளப் பாக்கேன், போனப் பாக்கேன். வீட்டுக்குக் கொண்டுபோயி எல்லாம் செஞ்சாச்சு. ஆனா அந்த பஸ்ஸுக்கு நான் வரலல்லா. வாரேன்னு சொன்னவள ஒருநாள்கூட நிக்க விட்டதில்ல தாயி. அன்னைக்கு நிக்க விட்டுட்டேன். அதுலருந்து எப்போ மெசேஜ் வந்தாலும் கால் நிக்க மாட்டேங்குது."

எதிர்ப்பக்கம் உளுந்து பிடுங்கின காடு வெறும் கருப்பாகக் கிடந்தது. இந்த வாரத்துக்குள் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், வெள்ளிக்கிழமையோடு மெசேஜ் நின்றுவிடும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டினார்.

"நிறுத்து. நிறுத்தத்தான் வேணும். எனக்கும் முடியல. கடைசி எதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும். வெள்ளிக்கெழமை வாரதுதான் கடைசின்னா, அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்கு மேல வர மாட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "ஆனா நீ அனுப்பக் கூடாது தாயி. அது வரலன்னா வரலன்னு இருக்கட்டும். அவ வச்சது அனுப்பணும்."

சரி என்றேன். சரி என்று சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. முந்தின நாள் தோற்ற சோதனை வெள்ளிக்கிழமையும் தோற்கலாம். பெரிய மெஷினில் யார் எப்போது சுமையை ஏற்றுவார்கள் என்பது என் கையில் இல்லை. தோற்றால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. அந்த மனுஷர் ஆயுசு பூராவும் அவளை நிற்க வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டே இருப்பார்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவள் எழுதி, நான் நிராகரித்த திருத்தத்தை எடுத்தேன். வியாழக்கிழமை முழுக்க வரி வரியாகப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. இரண்டரை மாதம் முன்னால் நான் அதைப் படிக்கவே இல்லை என்பதும் தெரிந்தது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளியிருக்கிறேன். "தேவையில்லாத கரிசனம்" என்ற என் குறிப்பு அங்கேயே இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குக் கீழே "நான் சொன்னது தவறு" என்று எழுதி ஏற்றுக்கொண்டேன். அவள் பெயரிலேயே கெர்னலில் சேர்த்து, மெஷினில் ஏற்றிவைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் சோதனை வழக்கம்போலத் தானாகத் தொடங்கியது.

மத்தியானம் வரைக்கும் ஒழுங்காகப் போனது. மூன்று மணிக்குப் பெரிய மெஷினில் சுமை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு ப்ராசஸரும் சாவதற்குக் கூடுதல் நேரம் எடுத்தது. ஐந்து மணிக்கு, இன்னும் ஒன்பது தடவை பாக்கி இருக்கும்போது, மூன்றாம் ப்ராசஸர் படிகளெல்லாம் இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டது. பழைய கெர்னலாக இருந்தால் சில வினாடியில் அந்த வரி விழுந்திருக்கும். இப்போது விழவில்லை. காத்துக்கொண்டிருந்தது. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். எதிர் மேசையில் அவள் நாற்காலி இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது இருப்பார்கள் என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. என் போனில் அவர் நம்பர் இருக்கிறது, நாலு சொல், நானே அடித்து அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் மனசு சொன்னது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நிமிஷம் பெரிய மெஷின் அதைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் ப்ராசஸர் தான் செத்ததைச் சொல்லிவிட்டது. மிச்சம் எட்டும் மளமளவென்று முடிந்தன. ஐந்து மணி எட்டு நிமிஷத்துக்கு மெயில் வந்தது. எல்லாம் சரி.

லேப்டாப்பை மூடாமல்கூட படியிறங்கி ஓடி ஐந்தரை பஸ்ஸில் ஏறினேன். விலக்கில் இறங்குவதாக இல்லை, கயத்தாறுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். அந்த இடத்தில் இறங்கும் உரிமை அன்றைக்கு எனக்கு இல்லை என்று தோன்றியது. இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

பஸ் விலக்கில் நின்றது. கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அவர் புளியமரத்துக்குக் கீழே மொபெட்டைக் கிராமத்துப் பக்கம் திருப்பி, ஸ்டார்ட் பண்ணித் தயாராக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மற்ற நாளில் காட்டு வேலைக்குக் கட்டும் அழுக்கு வேட்டிதான். என்னை அவர் பார்க்கவில்லை, பஸ்ஸின் பின்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். அவர் சீட்டில் முன்னால் நகர்ந்து பின்னால் இடம் விட்டார். ஆள் ஏறி உட்கார ஆகும் நேரம் பொறுத்தார். லேசாகத் தலையைத் திருப்பி எதையோ கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

பஸ் நகர்ந்தது. நான் கழுத்தைத் திருப்பிக் கண்ணுக்கு எட்டின வரைக்கும் பார்த்தேன். பாதையில் வேறு யாரும் இல்லை. அவர் மொபெட்டை மெதுவாக, ஒவ்வொரு குழிக்கும் பிரேக் போட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டு போனார்.